முந்நூற்றுப் பதினோராவது மனு

என் அக்கா தெரசம்மாளின் வீட்டுக்காரர் மரியசூசை என்ன படித்திருக்கிறார் என்பதை ஏலாக்குறிச்சியில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. வக்கீல் என்றால் தெரியும், டாக்டர் என்றால் தெரியும். இவர் படித்ததோ அரசியல் சாஸ்திரம். அதிலும் பொது நிர்வாகம் என்று ஒரு தனிப் பிரிவு. சர்க்கார் ஆபீஸ் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றிய படிப்பு என்று எதிர்வீட்டு அங்கமுத்துவிடம் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். அப்படியானால் அவர் எந்த ஆபீஸில் இருக்கிறார் என்று அங்கமுத்து கேட்டார். எந்த ஆபீஸிலும் இல்லை, திருச்சியில் ஒரு காலேஜில் லெக்சரராக இருக்கிறார் என்றேன். ஆபீஸில் இல்லாதவருக்கு ஆபீஸைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் இந்தக் குழப்பம் போலீஸ் வரைக்கும் போனது. ஊரில் ஒருவர் அரசியல் படித்திருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட, ஒரு கான்ஸ்டபிள் மாமா வீட்டுக்கு வருகிற சனிக்கிழமையாகப் பார்த்து வந்து, வீட்டில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று விசாரித்தார். மாமா அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஒரு காகிதம் ஆபீஸுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் எத்தனை மேஜை தாண்டுகிறது, அதில் எத்தனை மேஜை வீண் என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். கான்ஸ்டபிள் மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் மாமா அவரை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் போலீஸே வரவில்லை.

மாமாவின் கல்யாணத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பந்தியில் இடிபடக் கூடாது என்று வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் எழுதிய சீட்டுக் கொடுத்தார், மாப்பிள்ளைக் கோலத்திலேயே. எங்கள் தாய்மாமனுக்கு நூற்று இருபத்தேழு விழுந்தது. பாயசம் நூற்று இருபதோடு தீர்ந்துபோனது. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். நாலாம் நாள் அவருக்கு மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. தங்களுக்கு நேர்ந்த குறை கவனத்துக்கு வந்தது, காரணம் கண்டறியப்பட்டது, இனி அவ்வாறு நேராது என்று எழுதி, கீழே தேதியும் எண்ணும் போட்டிருந்தார். தாய்மாமன் அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எடுத்துக் காட்டி முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அந்தக் கடிதத்தில் மாமாவின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. ஜனங்கள் குறையைக் காகிதத்தில் கொடுக்க வேண்டும். காகிதத்துக்கு நம்பர் போட வேண்டும். ஏழு நாளைக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம்தான் சர்க்காரைக் கவிழ்க்கிறது என்று ஒன்பது வருஷமாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வாயால் சொல்லும் குறைக்கு அவருடைய சாஸ்திரத்தில் இடமில்லை. அக்கா வாயால் எது சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்" காதுக்கும் போகாது, பதிவேட்டுக்கும் போகாது.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்த சமயம், பட்டணத்தில் ஒரு பெரிய காலேஜில் பொது நிர்வாகத்துக்கென்று புதிதாக ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கினார்கள். மாமா மனுப் போட்டார். தேர்வுக் கமிட்டி அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டு, ஏட்டில் நன்றாக இருக்கிறது, இதை ஒரு வருஷம் நடத்திக் காட்டினால் பதவி உமக்கு என்று சொல்லிவிட்டது. வருஷக் கடைசியில் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டைப் பார்ப்பார். மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். ஒன்று, பதவி கிடைத்ததும் அவர் பட்டணத்தில் ஓர் அறை எடுத்துத் தங்குவார். இரண்டு, அக்காவின் பள்ளிக்கூட வேலையும், மூன்று பிள்ளைகளும், படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அப்பாவும் ஏலாக்குறிச்சியிலேயே இருக்கலாம். மூன்று, கிறிஸ்துமசுக்கும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கும் அவர் தவறாமல் வருவார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். மாமா "ம்" என்றார்.

ஒரு வருஷம் நடத்திக் காட்ட வாகாக, அரியலூரிலும் பெரம்பலூரிலும் கன்ட்ரோல் கடை நடத்திவந்த ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை அவரை ஸ்பெஷல் ஆபீசராகக் கூப்பிட்டது. சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எல்லாம் கூப்பனுக்குத்தான் என்றிருந்த காலம். மாமா காலேஜில் லீவு போட்டுவிட்டு அரியலூரில் ஜாகை எடுத்தார். பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா திரிந்த என்னைக் கிளார்க்காக வைத்துக்கொண்டார். எனக்கென்று பன்னிரண்டு விதிகள் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது விதி, மனு யாருடையது என்று கிளார்க் ஊகித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் முதல் வேலையாக, குறை மனு போடுவதற்குக் கடை வாசலில் ஒரு பெட்டி வேண்டும் என்றார். எங்கள் ஊர்த் தச்சர் சவரியாரிடம் சொன்னோம். அங்கேதான் தப்பு நடந்தது. சவரியார் வாழ்நாளில் செய்த பெட்டியெல்லாம் கோயிலுக்குச் செய்தவை. எங்கள் பக்கத்தில் மாதாவிடம் வேண்டுதல் இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடுவது பழக்கம். அந்தப் பெட்டியைத்தான் அவர் கைக்குச் செய்யத் தெரியும். நீல வர்ணம், மேலே ஒரு வளைவு, இரண்டு பக்கமும் லீலி மலர், காகிதம் போடும் துளைக்கு மேலே ஒரு சிலுவை. நான் பார்த்ததுமே இது வம்பு என்றேன். பூட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் மாமா பார்த்தார்.

முதல் வாரம் பெட்டி காலி. இரண்டாம் வாரம் காலையில் கடை திறக்கப் போனால், பெட்டிக்குக் கீழே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றிவைத்திருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு காகிதம். எழுத்து அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுதத் தெரியாத பெண்களுக்கெல்லாம் காகிதம் எழுதிக் கொடுப்பது டீச்சரான அவளுடைய வழக்கம். பதிலையும் அவள் பேருக்கே போடச் சொல்லுவார்கள், அவள்தானே படித்துக் காட்ட வேண்டும். இது வீராயி என்ற கிழவியின் வேண்டுதல். தாயே, என் செவலைப் பசுவை மூன்று நாளாகக் காணோம், நீதான் காட்டித்தர வேண்டும் என்றிருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் விழுந்த காகிதம் மனுதான், நம்பர் போடு என்றார். போட்டேன், ஒன்று. ஆறாவது நாள், தா.பழூர்ச் சந்தையில் பசு இருப்பதாகத் தெரிந்து, ஸ்பெஷல் ஆபீசரும் கிளார்க்கும் நேரில் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தோம். வழி நெடுக என் காலை மிதித்தது. நடவடிக்கை என்ற கட்டத்தில், தேடப்பட்டது, கிடைத்தது, ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினேன்.

அத்தோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஊர் மாதா கேட்டுக்கொள்கிறாள், ஆனால் பதில் எழுதுவதில்லை. அரியலூர் மாதா ஏழே நாளில் முத்திரை குத்திப் பதில் போடுகிறாள் என்று சேதி பரவிவிட்டது. சர்க்கரை வாங்க வருகிற கூட்டம் பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டுவிட்டுத்தான் வரிசைக்கு வந்தது. பெண்ணுக்கு வரன் வேண்டும், மருமகள் நல்ல புத்தி பெற வேண்டும், இடுப்புவலி தீர வேண்டும். எல்லாவற்றுக்கும் மாமா பதில் போட்டார். இடுப்புவலிக்கு டாக்டர் பெயரும் அவர் இருக்கிற நேரமும் எழுதினார். மருமகள் விஷயத்தில் இரு தரப்பும் கேட்கப்பட வேண்டும் என்று மருமகளுக்கு நோட்டீஸ் அனுப்பினார். மருமகள் பதிலுக்கு ஏழு பக்கம் எழுதினாள். மாமியார் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டாள். என்னடா இது என்று பார்க்க எங்கள் பங்குச் சாமியாரே ஒருநாள் வந்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பள்ளிக்கூட விளக்குக்கு மண்ணெண்ணெய் குறைவாக வருகிறது என்று ஒரு காகிதம் எழுதிப் போட்டார். அந்த வருஷம் முழுவதும் பண்டகசாலையைப் பற்றி வந்த ஒரே புகார் அதுதான்.

பெரம்பலூர்ப் பெட்டியை வளைவு இல்லாமல், சிலுவை இல்லாமல் செய்யச் சொன்னோம். சவரியாரும் செய்தார். அங்கேயும் அது வெறும் பெட்டியாக இருக்கவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொள்கிற குடியானவர்கள் மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டுப் பூட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். புதன்கிழமைதோறும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு பெரம்பலூர் போய், முடிச்சுகளை அவிழ்த்துப் பூட்டைக் கண்டுபிடிப்பதற்கே எனக்கு அரை மணி ஆகும். அரும்பாவூர் குருநாதன் மழை கேட்டு எழுதியிருந்தார். மழை இந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, மேலிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று பதில் போனது. பதில் போய்ச் சேர்ந்த மறுநாள் அரும்பாவூரில் மழை கொட்டியது. குருநாதன் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தோடு வந்து நின்றார். மாமா அதை வாங்க மறுத்து, மறுத்ததற்கு ஒரு ரசீதும் கொடுத்தார்.

இப்படியே பதினோரு மாதம் ஓடியது. முந்நூற்றுப் பத்து மனு, முந்நூற்றுப் பத்துப் பதில், ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கமிட்டியிலிருந்து அரங்கநாதன் என்கிற ஓய்வுபெற்ற டிப்டி கலெக்டர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தந்தி வந்தது. அவர் வருவதற்குச் சரியாக ஏழு நாள் முன்னால்தான் முந்நூற்றுப் பதினொன்று பெட்டிக்குள் விழுந்தது. மாமா படிக்கச் சொன்னார். வாய்விட்டுப் படித்தேன்.

"தாயே, என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் பெரிய உத்தியோகம் கிடைக்கும்போல் இருக்கிறது. அவர் கெட்டிக்காரர், அதற்குத் தகுந்தவர்தான். ஆனால் கிடைக்க வேண்டாம். இதை நேரில் சொல்லிப் பார்த்தேன். ம் என்றார். பதில்: டீச்சர் தெரசம்மாள் மேல்பார்த்து."

இரண்டாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா ஊரெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்காக ஒன்று எழுதியிருக்கிறாள். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். மனிதருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. எழுத்து அக்காவுடையது, பதில் போக வேண்டியதும் அக்கா பேருக்கு. எல்லா மனுவும் அப்படித்தானே வருகிறது. இது யாரோ ஸ்டேஷன் கிளார்க்கின் சம்சாரமாக இருக்கும் என்றார். பிறகு அவருக்குக் கோபம்கூட வந்தது.

"கட்டின பொண்டாட்டி கடுதாசி எழுதி மாதாகிட்ட கேக்குற அளவுக்கு ஒருத்தன் நடந்துக்கிறான் பாரு. குறிப்புங்கிற கட்டத்துல எழுதிக்க ஞானமுத்து. வீட்டுக்காரர் ஒரு மடையர் எனத் தோன்றுகிறது."

எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன். ஒன்பதாவது விதிப்படி வாயைத் திறக்கவில்லை.

மனுவில் விவரம் போதவில்லை என்று விவரம் கோரும் படிவம் ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வியாழக்கிழமை சாயந்திரம் படிவம் திரும்பி வந்தது. மாமாவே உறையைப் பிரித்தார். அக்கா எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள், ஒன்றுகூடக் காலி இல்லை. எதிர்த்தரப்பாரின் பெயர்: மரியசூசை. உத்தியோகம்: லெக்சரர், தற்சமயம் ஸ்பெஷல் ஆபீசர். இருப்பிடம்: சனிக்கிழமை சாயந்திரம் முதல் ஞாயிறு மத்தியானம் வரை ஏலாக்குறிச்சி, மற்ற நாட்களில் விவரம் இல்லை. கோரிக்கைக்குக் காரணம்: மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள் போதவில்லை. சின்னவள் அவரை சார் என்று கூப்பிடுகிறாள். இவை இரண்டும் இல்லாவிட்டாலும் எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும்.

மாமா அதை எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் துணிக் கூப்பனை அடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். ஒன்பது வருஷப் படிப்பு, அந்தப் பதவியைத் தவிர அவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை, அது எனக்கும் தெரியும். பதினோரு மாதமாக அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், முதல்தடவையாகப் பாவமாக இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டார். ஒன்பதாவது விதி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலில் அரங்கநாதன் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பசு விவகாரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் தான் ஒரு பசுவைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை என்றார். மழை விவகாரத்தில், மேலிடம் என்றால் எது என்று கேட்டார். மேலே காட்டினோம். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பட்டணத்தில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"முந்நூற்றுப் பதினொண்ணு. நடவடிக்கைக் கட்டம் காலியா இருக்கே. ஏழாவது நாள் இன்னிக்குத்தானே. குறிப்புல என்னமோ எழுதியிருக்கு, வீட்டுக்காரர் ஒரு மடையர் எனத் தோன்றுகிறது. யாரய்யா அந்த மடையர்?"

"நான்தான் சார்" என்றார் மாமா.

அரங்கநாதன் மனுவை வாங்கிப் படித்தார். படிவத்தையும் வாங்கிப் படித்தார். இரண்டையும் மேஜையில் வைத்தார். மாமா என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, காலிக் கட்டத்தில் எழுதினார்: மனு ஏற்கப்பட்டது.

"அவசரப்படாதீர். இதுக்கு அப்பீல் உண்டா?" என்றார் அரங்கநாதன்.

"இல்லீங்க சார். ஏத்துக்கிட்ட மனுவுக்கு எதிரா ஆபீசரே அப்பீல் போட முடியாது. புத்தகத்துல நாலாவது அத்தியாயம்."

உலகத்திலேயே தன் புத்தகத்தால் தன் வேலையைக் கெடுத்துக்கொண்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அரங்கநாதன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். குறை ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதினார். ரயிலேறும்போது மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தன் சம்சாரத்துக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டும், இங்கே என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். கூப்பன் இல்லாமல் ஒன்றும் கிடைக்காது என்றேன்.

உத்தரவு ஆனது வெள்ளிக்கிழமை. மறுநாளே நாங்கள் இருவரும் ஏலாக்குறிச்சி போனோம். வேறு யாராக இருந்தாலும் வாசலில் கால் வைத்ததுமே சொல்லியிருப்பார்கள். ஆனால் பதில் தபாலில் போயிருக்கிறதாம், தபால் கைக்குப் போய்ச் சேருமுன் மனுதாரரிடம் வாயால் சொல்லுவது முறையல்லவாம். சனி முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு மத்தியானம் கிளம்ப வேண்டியவர் கிளம்பவில்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தார். சின்னவள் சார் என்றபோது, அப்பா என்று சொல்லம்மா என்றார். இந்த மனுஷருக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். அன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அக்கா கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தாள். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது தலையில் முக்காடு, கையில் இரண்டு மெழுகுவர்த்தி. மாதா கேட்டுவிட்டாள், கோயிலுக்குப் போய் நன்றி சொல்லி வருகிறேன் என்றாள்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அது மாதாவின் பெட்டி இல்லை, கூட்டுறவுப் பண்டகசாலையின் பெட்டி என்று பதினோரு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சலித்தவர்.

"உத்தரவு போட்டது நான், தெரசு. கையெழுத்தைப் பாரு."

"கையெழுத்து உங்களுதுதாங்க. போட வச்சது யாரு?"

மாமா ஒரு மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தார். நானும் பின்னால் போனேன். கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் நல்ல கூட்டம், தள்ளுமுள்ளு. மாமா யாருக்கும் நம்பர் கொடுக்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் நின்றார்.

பட்டணத்துப் பதவி வேறு யாருக்கோ போயிற்று. யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. மாமா திருச்சி காலேஜுக்கே லெக்சரராகத் திரும்பினார். திங்கட்கிழமை முதல் வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றிக் கொடுத்தால் ஞாயிறு முழுவதும் வீட்டில் இருக்கலாம் என்று காலேஜுக்கு ஒரு மனு எழுதிப் போட்டார். அதற்குப் பதில் வர நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் அவர் சர்க்கார், நிர்வாகம் என்று வாயைத் திறக்கவே இல்லை.

பண்டகசாலைப் பதிவேட்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், அதற்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசி மனுவுல அந்தக் குறிப்பு இன்னும் இருக்கா ஞானமுத்து?"

"இருக்குங்க மாமா. அடிச்சுடட்டுமா?"

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"வேணாம். விசாரிச்சு உறுதியானதுதானே. தோன்றுகிறதுங்கிறதை மட்டும் எடுத்துடு."